போகப் போகச் சரியாயிடும்

நம் வயதுக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "போகப் போகச் சரியாயிடும்." மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறினாலும் இதைத்தான் சொல்கிறோம். மகனுக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம் என்றாலும் இதைத்தான் சொல்கிறோம். சொன்னபடி பல விஷயங்கள் சரியாகியும் விடுகின்றன. அதனால் அந்த வாக்கியத்தின் மேல் நமக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அதைச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது என்பது என் கட்சி. இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராத பேரக்குழந்தை விஷயத்தில்.

இதைப் பெற்றவர்களுக்குச் சொல்லாமல் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? அவர்கள் ஏற்கெனவே செல்போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருக்கிறார்கள். குழந்தையிடம் ஏதோ வேறு மாதிரி இருக்கிறது என்பது பெரும்பாலும் முதலில் பெற்றவளுக்குத்தான் தெரிகிறது. பல நாள் மனசுக்குள் வைத்திருந்துவிட்டு ஒரு நாள் தயங்கித் தயங்கி வாயைத் திறக்கிறாள். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா அத்தை?" அதற்கு அத்தை சொல்லும் பதில்தான் அந்தக் குழந்தையின் அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தைத் தீர்மானிக்கிறது. "உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். ஒண்ணும் ஆகாது, போ." தீர்ந்தது. அதற்கு மேல் அந்தப் பெண் பேசினால் குழந்தைக்கு வேண்டுமென்றே குறை தேடுகிறவள் என்று பெயர் வரும்.

நான் வேலை பார்த்தது தபால் இலாகாவில், ஆர்.எம்.எஸ். பிரிவில். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டிலும் இதேதான் நடந்தது. தினமும் காலையில் உய்யக்கொண்டான் கரையில் இருவரும் சேர்ந்துதான் நடப்போம். பேரனுக்கு இரண்டு வயது முடிந்து பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பான் என்று அவரே பெருமையாகச் சொல்வார். "இன்ஜினியர் ஆயிடுவான் சார். ஐன்ஸ்டீன்கூட லேட்டாத்தான் பேசினாராம். வாட்ஸப்ல வந்துது."

பாவம் ஐன்ஸ்டீன். எத்தனை வீடுகளில் எத்தனை குழந்தைகளுக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது! நம் பக்கத்தில் அவர் போதாதென்றால் கும்பகோணத்து ராமானுஜனையும் துணைக்கு அழைப்பார்கள். அவர் மூன்று வயது வரை அதிகம் பேசவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதிய ராபர்ட் கனிகல் குறிப்பிட்டிருப்பது உண்மைதான். தாமதமாகப் பேசிப் பிறகு வாயாடிகளாக வளர்ந்த குழந்தைகள் நம் குடும்பங்களிலேயே நிறைய உண்டு. மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வயதில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை அந்த ரகமா, வேறு ரகமா என்று திண்ணையில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று வந்தால் நமக்கு நஷ்டம் ஒரு காலைப் பொழுது. காட்டாமல் இருந்து, ஏதோ இருந்துவிட்டால் போவது திரும்பி வராத வருஷங்கள். மூளை வேகமாக வளர்வது அந்த முதல் சில வருஷங்களில்தான். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். இந்தக் கணக்கு கஷ்டமானதா?

நண்பர் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டது ஓர் அங்கன்வாடி ஊழியர். அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் அது. பிறப்பிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். அந்தக் குழு வந்த அன்று ஊழியர் அந்தப் பையனைக் கையோடு கூட்டிப்போய் முன்னால் நிறுத்திவிட்டார். அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது. காசு கிடையாது. ஆட்டிசம் என்றார்கள். மருமகள் முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து எண்ணினால் அதற்குள் 14 மாதம் போயிருந்தது.

நம் தலைமுறையின் தடுமாற்றம் எங்கே என்று எனக்குப் புரிகிறது. குறை என்றால் கண்ணால் பார்த்தே நமக்குப் பழக்கம். நாம் படித்த காலத்தில் வகுப்புக்கு ஒருவராவது போலியோவில் கால் சூம்பிய பையன் இருப்பான். பார்வையில்லாதவர், காது கேளாதவர் என்றால் பார்த்த உடனே தெரியும். அந்தப் போலியோ நம் கண்முன்னேயே ஒழிந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை; 2014-ல் போலியோ இல்லாத நாடென்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளிடம் இருப்பது எக்ஸ்ரேயில் தெரியாது. கைகால் நன்றாக இருக்கிறது, முகம் மூக்கும் முழியுமாக இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கிறோம்.

சரி, என்னதான் பார்ப்பது? மருத்துவர்கள் சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு வயது முடியும்போது மழலையாவது வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். டாட்டா காட்டுவது, விரலால் சுட்டுவது போன்ற சைகைகள் வர வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் பொருள் தெரிந்து சொல்லும் சில வார்த்தைகள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொந்தமாகச் சொல்ல வேண்டும். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கணக்கில் சேராது. வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இவற்றில் மற்றதையெல்லாம் மறந்துவிட்டாலும் சுட்டுவதை மட்டும் மறக்காதீர்கள். இதற்கு நம்மிடம் பரம்பரையாக ஒரு பரிசோதனை இருக்கிறது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது! "அதோ பார் நிலா" என்று நாம் கையை நீட்டுகிறோம். குழந்தை நம் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையில் நிலாவைப் பார்க்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது, நீயும் பார்த்தாயா என்கிற மாதிரி. கொஞ்ச நாளில் அதுவே காக்காயையும் பஸ்ஸையும் விரல் நீட்டி நமக்குக் காட்ட ஆரம்பிக்கிறது. வாங்கித் தரச் சொல்லி இல்லை. சும்மா, நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காக. இந்தச் சின்னப் போக்குவரத்துதான் பேச்சுக்கு அஸ்திவாரம். வேண்டியதை விரல் நீட்டிக் கேட்காமல் நம் கையைப் பிடித்துத் தரதரவென்று பிரிட்ஜ் வரை இழுத்துப்போய்க் கையை அதன் மேல் வைக்கும் குழந்தை, ஒன்றரை வயதிலும் எதையும் நமக்குக் காட்டாத குழந்தை என்றால் மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம். இதைக் கவனிக்க நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்? நாள் முழுக்க வீட்டில் இருக்கிறோம்.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. காதில் விழாத பேச்சு நாக்கில் எப்படி வரும்? கதவைத் தட்டினால் திரும்புகிறானே என்று சொல்லாதீர்கள். தட்டும் அதிர்வை உணர்ந்து திரும்பலாம், நிழலாடியதைப் பார்த்துத் திரும்பலாம். குழந்தை தூங்கும்போதே தலையில் ஒயர் ஒட்டி 'பெரா' என்றொரு பரிசோதனை செய்கிறார்கள். பிறந்த குழந்தைக்கும் செய்யலாம். கேட்கவில்லை என்று தெரிந்தால் கருவி உண்டு. தேவைப்படுகிற குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். ஆனால் சிறு வயதில் செய்தால்தான் முழுப் பலன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடித்த குடும்பங்களில் பிறவியிலேயே காது கேளாமை அதிகம் வருகிறது. அப்படிப்பட்ட குடும்பம் என்றால் பேச்சு வரட்டும் என்று காத்திருக்காமல் பிறந்ததுமே காதைப் பார்த்துவிட வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறோம். பேச்சு இருக்கும் இடம் நாக்கு இல்லை. போதாக்குறைக்கு ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும். குணசீலம் போகட்டும், சமயபுரம் போகட்டும், நானும் கூட வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில் போவோம்.

இதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது இன்னொன்று. ஆட்டிசம் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "யாரால?" பதில் தயாராக இருக்கும். அம்மாவால். வேலைக்குப் போனாள், செல்போனைக் கையில் கொடுத்தாள், மாசமாக இருக்கும்போது கண்டதைச் சாப்பிட்டாள். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதன்முதலாக விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு இருபது முப்பது வருஷம் அமெரிக்காவில் பெரிய பெரிய படிப்பாளிகளே, பாசமில்லாமல் பிரிட்ஜ் மாதிரி சில்லிட்டுக் கிடக்கும் தாய்களால்தான் இது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியோடு செத்தார்களோ. பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் மனோதத்துவம் படித்தவர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா. 1964-ல் அவர் புத்தகம் எழுதி, இது பிறவியிலேயே மூளையின் அமைப்பில் வருவது, வளர்ப்பில் வருவதில்லை என்று வாதாடினார். அவர் சொன்னதே நிலைத்தது. செல்போன் குழந்தைக்கு நல்லதில்லை, வாங்கி வைத்துவிட வேண்டும்தான். ஆனால் செல்போனால் ஆட்டிசம் வந்தது என்று மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அந்தப் பழைய கதையேதான்.

ஸ்பீச் தெரபி என்பது வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. என் நண்பருக்குப் பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்தார். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டு ஊருது நரி ஊருது என்று விரலை ஊர விட்டுக் கொண்டுபோய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதைத் தினமும் விளையாடச் சொன்னார். ஒரு நிபந்தனை. முழங்கை தாண்டியதும் விரலை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தை நிமிர்ந்து தாத்தா முகத்தைப் பார்த்தால்தான் கிச்சுக்கிச்சு. முதல் பத்துப் பதினைந்து நாள் பையன் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகொரு நாள் பார்த்தான். "வேலையில இருந்தப்போ மெயில் வண்டிக்காகப் பிளாட்பாரத்துல எத்தனை மணி நேரம் காத்திருக்கோம் சார், இதுக்குக் காத்திருக்க மாட்டேனா" என்றார். இப்போது அவனுக்கு ஐந்து வயது. மூன்று நான்கு வார்த்தை சேர்த்துப் பேசுகிறான். சக்கரம் சுற்றுவதை விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகளின் கதை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கென்று நம்மிடம் வேறு வாக்கியம் வைத்திருக்கிறோம். "நாலு போடு போட்டா சரியாயிடும்."

ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி வண்டியில் நின்றபடியே கடிதம் பிரிப்போம். ஆடும் வண்டி, மங்கல் விளக்கு, கோணல் மாணல் கையெழுத்து. ஆனாலும் கடிதத்தைக் கையில் எடுத்ததும் ஊர் கண்ணில் விழுந்துவிடும், கை தானாக அந்த அறைக்குள் போட்டுவிடும். யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. நீங்கள் இந்த வரியைப் படிப்பதும் அப்படித்தான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்த 'கண்ணில் விழுவது' லேசில் நடப்பதில்லை. நேற்றுப் படித்த வார்த்தை இன்றைக்கு மறுபடி புதுசு. ஒவ்வொரு வார்த்தையையும் அவன் உடைத்துச் சேர்த்து வாசித்து வரி முடிவுக்கு வரும்போது வரியின் ஆரம்பம் மறந்திருக்கும். பக்கத்து இருக்கைப் பையன் ஐந்து நிமிஷத்தில் முடித்ததற்கு இவன் அரை மணி நேரம் உழைக்கிறான். உழைத்த பிறகு கிடைக்கும் பட்டம் சோம்பேறி.

தமிழ் எழுதுவது சுலபம்தானே, சொல்வதை அப்படியே எழுதுகிறோம் என்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். 'கெ' என்ற எழுத்தில் முதலில் கேட்பது 'க்', பிறகுதான் 'எ'. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் ஒரே ஒலிக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். காதில் கேட்கும் வரிசை ஒன்று, கண்ணில் தெரியும் வரிசை வேறு. ந, ன, ண, ல, ள, ழ, ர, ற. நமக்கே தடுமாறுகிறது. தொலைக்காட்சி செய்தி வாசிப்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இது அறிவுக் குறைவில்லை என்பது நேற்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், கணக்கில் சூரன், ஆனால் எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தும் படிக்க வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன் என்று அவனுடைய வாத்தியாரே சொன்னதாக அதில் வருகிறது. 130 வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியாருக்குத் தெரிந்தது இது. நம் தெருவில் எட்டாவது படிக்கும் ஒரு பையன், மிக்சி ரிப்பேரானால் கழற்றிச் சரிசெய்துவிடுவான். பஸ் போர்டு படிக்கத் திணறுவான். போன மாதம் அவன் தாத்தா வாசலில் வைத்து அவனை அடித்த அடி எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய்ச் சொன்னேன். "உங்களுக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்க கண்ணாடி வேணும். கண்ணாடி இல்லாம படிங்கன்னு உங்களை நாலு அடி அடிச்சா படிப்பீங்களா?" அவர் என்னோடு பேசி மூன்று வாரமாகிறது. பையன் பேசுகிறான்.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்பதில்லை. ஒலியைப் பிரித்துக் காட்டி, கேட்டு, தொட்டு, மணலில் எழுதி என்று வேறு வழியில், மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மணலில் எழுதிப் படித்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறோம்! சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையைச் செய்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. நம் ஊரில் முதலில் கேட்க வேண்டிய இடம் வட்டார வள மையம். அரசுப் பள்ளிகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே. ஆள் போதாது, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைத் தாண்டிப் போய்விட்டது. 1995-ல் வந்த சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அரசின் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, குறைபாட்டைக் காட்டிச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறார்கள், மரியாதையாக. "உங்க குழந்தைக்கு ஏத்த வசதி எங்ககிட்ட இல்லையே சார்." அந்த மாதிரி நேரத்தில் பெற்றவர்கள் கூனிக் குறுகிப் போவார்கள். தலை நரைத்த ஒருவர் கூடவே போய், அதை எழுத்தில் கொடுங்கள் என்று நிதானமாகக் கேட்டால் பேச்சின் தொனியே மாறும். அப்படி மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடையாள அட்டை விஷயத்தில்தான் நம் வீடுகள் முரண்டு பிடிக்கின்றன. "அட்டை வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடும். இவன் அக்காவுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா?" அட்டை வாங்காவிட்டால் மட்டும் ஊருக்குத் தெரியாதா? 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று கிடைத்தால் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இருந்தால் நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. அதெல்லாம் வேண்டாம், கௌரவம் போதும் என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிள்ளை. நாம் இல்லை. நமக்குப் பிறகும் அவன் ஐம்பது அறுபது வருஷம் இருக்கப்போகிறான்.

பத்தாம் வகுப்புக்குப் போகும் பேரப்பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு நம் மாநிலப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். அதோடு மருத்துவச் சான்றும் வேண்டும். சான்றுக்கு நாலு தடவை அலைய வைப்பார்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் பிரயோஜனமில்லை. ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்த கையோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பையனின் அப்பாவுக்கு லீவு கிடைக்காது. நமக்குத்தான் எல்லா நாளும் லீவாயிற்றே.